அரச பணத்தைச் செலவிடும் அட்டைகள்: முறைகேட்டைத் தடுக்கும் வழி எது?

ஐக்கிய அமெரிக்காவின் அரச திணைக்கள ஊழியர்கள் வைத்திருந்த கடனட்டைகளில் பெரும்பாலானவை 2025ஆம் ஆண்டு பெப்ரவரி இறுதியில் ஒரே உத்தரவின் கீழ் முடக்கப்பட்டன. ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் அம்மாதம் 26ஆம் திகதி பிறப்பித்த நிறைவேற்று ஆணை, அவ்வட்டைகளை 30 நாட்களுக்குச் செயலிழந்தவையாகக் கருதவேண்டுமெனப் பணித்தது. அனர்த்த நிவாரணம் போன்ற சில அவசியப் பணிகளுக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது. சில முகவரகங்களில் அட்டையொன்றின் செலவு எல்லை ஒரு டொலராகக் குறைக்கப்பட்டது. ஒரு டொலருக்கு அந்நாட்டில் என்ன வாங்கலாம் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

இந்நடவடிக்கைக்குக் கூறப்பட்ட காரணம் வீண்விரயமும் முறைகேடுமாகும். 46 இலட்சம் அட்டைகளும் கணக்குகளும் பாவனையிலிருப்பதாகவும், 2024 நிதியாண்டில் அவற்றினூடாக ஏறத்தாழ 40 பில்லியன் டொலர் செலவிடப்பட்டதாகவும் அப்போது புதிதாக உருவாக்கப்பட்டிருந்த அரசாங்கச் செயற்றிறன் திணைக்களம் அறிவித்தது. ஊழியரின் தொகையைவிட அட்டைகளின் தொகை அதிகமென்பது பலரைத் திடுக்கிடச் செய்தது. ஆனால் இத்தொகையில் மூன்று வகை அட்டைகள் அடங்கியிருந்தன என்பதைப் பலர் கவனிக்கவில்லை. உத்தியோகபூர்வப் பயணங்களுக்கான அட்டை ஒன்று. அரச வாகனங்களுக்கு எரிபொருள் நிரப்புவதற்கென வாகனத்தின் பேரிலேயே வழங்கப்படும் அட்டை மற்றொன்று. அலுவலகத் தேவைக்கான பொருட்களையும் சேவைகளையும் வாங்கும் கொள்வனவு அட்டை மூன்றாவது. படையினர் பயணம் செய்வதற்கான அட்டைகளும் இத்தொகையிற் சேர்ந்தவையே.

இம்மூன்றிலும் நாம் இங்கு ஆராய முற்படுவது கொள்வனவு அட்டையையே. பயண அட்டையைப் பொறுத்தவரை, பெரும்பாலும் ஊழியரே வங்கிக்குப் பணத்தைச் செலுத்திவிட்டுப் பின்னர் அரசாங்கத்திடம் மீளப்பெற்றுக் கொள்கின்றார். அவர் தவறிழைத்தால் முதலிற் பாதிக்கப்படுவது அவரது சொந்தப் பணமே. கொள்வனவு அட்டையின் நிலை அதுவன்று. அதன் பட்டியலை அரசாங்கம் நேரடியாகத் தீர்க்கின்றது. அட்டையை வைத்திருப்பவர் பொருளைத் தெரிவு செய்கின்றார், கட்டளையிடுகின்றார், பல வேளைகளில் தாமே பொறுப்பேற்கின்றார். பணமோ திறைசேரியிலிருந்து செல்கின்றது.

எமது நாட்டு அரச அலுவலகங்களில் பணியாற்றியோருக்கு இந்நிலை சற்று விந்தையாகவே தோன்றும். இலங்கையின் நிதிப் பிரமாணங்கள், செலவுக்கு அதிகாரமளித்தல், அங்கீகரித்தல், அத்தாட்சிப்படுத்தல், கொடுப்பனவு செய்தல் என்பவற்றை வெவ்வேறு பணிகளாகப் பிரித்து வைத்துள்ளன. சில்லறைக் காசிலிருந்து ஒரு கட்டுத் தாள் வாங்குவதற்கும் உறுதிச்சீட்டு எழுதிக் கையொப்பத்துக்காகக் காத்திருந்தவர்களுக்கு, ஒரே ஊழியர் ஓர் அட்டையை நீட்டி ஆயிரக்கணக்கான டொலருக்குப் பொருள் வாங்கலாம் என்பது நம்புதற்கரியதாக இருக்கலாம்.

எனினும் இம்முறை கவலையீனத்தாற் பிறந்ததன்று. 1980களில், ஜனாதிபதி ரீகனின் காலத்தில், சிறு கொள்வனவுகளை எளிதாக்கும் நோக்குடன் சில திணைக்களங்களில் இது பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. 1989இல் அரசாங்கம் முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது. உபஜனாதிபதி அல் கோரின் தலைமையில் 1993இல் வெளியான அரச நிர்வாகச் சீர்திருத்த அறிக்கை இதன் தேவையை ஓர் உதாரணத்தால் விளக்கியது. இராணுவத் தளங்களின் வெப்பமூட்டும் குழாய்களில் நீராவியைத் தடுத்து வைக்கும் ஒரு சிறு சாதனம் உண்டு. அதன் விலை சுமார் 100 டொலர். அது பழுதடைந்தால் வாரத்துக்கு 50 டொலர் பெறுமதியான நீராவி வீணாகின்றது. ஆனால் கொள்வனவுப் பிரிவோ மொத்தமாக வாங்கிச் சில டொலர்களை மீதப்படுத்தக் கருதி, புதியதை வாங்க ஓராண்டு எடுத்துக் கொள்கின்றது. பத்து டொலரைச் சேமிக்கப் புறப்பட்டு இரண்டாயிரத்து ஐந்நூறு டொலரை ஆவியாக விட்ட கதை இது.

இத்தகைய அனுபவங்களின் விளைவாகவே 1994இல் காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டம், 2,500 டொலருக்குட்பட்ட கொள்வனவுகளை நுண்கொள்வனவு என வகுத்து, விலைமனுக் கோரும் கட்டாயத்திலிருந்து விடுவித்தது. தொழில்முறைக் கொள்வனவு உத்தியோகத்தர் அல்லாத சாதாரண ஊழியரும் அட்டையைப் பயன்படுத்தலாம் என்ற நிலை ஏற்பட்டது. இவ்வெல்லை 2006இல் 3,000 டொலராகவும், 2015இல் 3,500 டொலராகவும், பின்னர் 10,000 டொலராகவும் உயர்ந்தது. 2025 ஒக்டோபர் முதலாம் திகதி தொடக்கம் அது 15,000 டொலராகும். அட்டைகளை முடக்கிய அதே ஆண்டிலேயே அவற்றின் எல்லையும் உயர்த்தப்பட்டது என்பது கவனத்திற்குரியது. கடதாசி வேலை குறைந்ததால் மீதமாகும் செலவுக்கு மேலாக, செலவிடப்படும் தொகைக்கேற்ப வங்கிகள் திணைக்களங்களுக்கு ஒரு பங்கைத் திருப்பியும் கொடுக்கின்றன. ஆகவே அட்டைகளை அதிகம் பயன்படுத்துவதில் திணைக்களங்களுக்கும் ஓர் ஆதாயம் இருந்தது.

அட்டைகள் விநியோகிக்கப்பட்ட வேகத்துக்கு மேற்பார்வை ஈடுகொடுக்கவில்லை. காங்கிரஸின் கணக்காய்வு அமைப்பு, இன்று அரசாங்கப் பொறுப்புக்கூறல் அலுவலகம் என அழைக்கப்படுவது, 2001இல் சான் டியாகோவிலுள்ள இரண்டு கடற்படை நிலையங்களை ஆராய்ந்தது. அவற்றுள் ஒன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அட்டை வைத்திருந்தனர். அவர்களது மாதாந்தப் பட்டியல்களை அத்தாட்சிப்படுத்துவதற்கு இருந்தவர் ஒரேயொரு உத்தியோகத்தர். மாதந்தோறும் நூற்றுக்கணக்கான கூற்றுகள் அவரது மேசைக்கு வந்தன. அவர் எத்துணை நேர்மையானவராக இருந்தாலும், ஒவ்வொரு கூற்றிலுமுள்ள ஒவ்வொரு வரியையும் பற்றுச்சீட்டுடன் ஒப்பிட்டுப் பார்த்திருக்க முடியுமா? அவரது கையொப்பம் இருந்தது. ஆனால் பார்வை இருக்கவில்லை. சமையலறைச் சாதனங்களும் ஆடைகளும் அரச பணத்தில் வாங்கப்பட்டமை பின்னர் காங்கிரஸின் விசாரணையில் வெளிவந்தது.

இந்தக் கையொப்பத்தைப் பற்றியே நாம் சிறிது அதிகமாகக் கூற விரும்புகின்றோம். ஏனெனில் அதன் பின்னர் வெளிவந்த ஏறத்தாழ எல்லா முறைகேடுகளிலும் இதே குறை ஏதோ ஒரு வடிவிற் காணப்பட்டது.

2005 ஓகஸ்டில் கட்டரீனா சூறாவளி நியூ ஓர்லியன்ஸ் நகரைச் சின்னாபின்னமாக்கியது. நிவாரணத்தைத் துரிதப்படுத்தும் நோக்கில் காங்கிரஸ் அட்டைக் கொள்வனவு எல்லையை, அப்பணிகளுக்கு மட்டும், இரண்டரை இலட்சம் டொலராக உயர்த்தியது. எதிர்ப்புகள் கிளம்பவே ஒரு மாதத்துக்குள் வெள்ளை மாளிகையின் வரவு செலவுத்திட்ட அலுவலகம் அவ்வுயர்ந்த எல்லையைப் பயன்படுத்துவதை நிறுத்துமாறு பணித்தது. அடுத்த ஆண்டு கணக்காய்வாளர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கொள்வனவுகளைப் பரிசோதித்தனர். அவர்கள் கண்டவற்றுட் சில: சந்தை விலையிலும் ஏறத்தாழ இரு மடங்கு கொடுத்து வாங்கிய 20 படகுகளிற் பல எங்கேயென்று தெரியவில்லை. மீட்புப் பணி நாய்களுக்கென 68,000 டொலருக்கு வாங்கிய காலணிகள் பயன்படாமற் களஞ்சியத்திற் கிடந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட மடிக்கணனிகளைக் காணவில்லை. கரையோரக் காவற்படையின் பயிற்சிக் கல்லூரியில் ஒருவர் பியர் வடிக்கும் சாதனத்தை அட்டையில் வாங்கியிருந்தார். உத்தியோகபூர்வ விருந்துகளுக்கு அது சிக்கனமானது என்பது கொடுக்கப்பட்ட விளக்கம்!

இவற்றுள் எல்லாமே திருட்டல்ல என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும். கணக்காய்வாளர்கள் மூன்று சொற்களை வேறுபடுத்திக் கையாளுகின்றனர். தனது வீட்டுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்குவது மோசடி. அரச தேவைக்கே வாங்கினாலும் விதிக்கு மாறாக, உதாரணமாக 4,000 டொலர் கொள்வனவை எல்லைக்குட்பட வைப்பதற்காக இரண்டு பட்டியல்களாகப் பிரித்து வாங்குவது முறையற்ற கொள்வனவு. விதிக்குட்பட்டிருந்தும் மிதமிஞ்சிய விலையிலோ தேவையின்றியோ வாங்குவது துஷ்பிரயோகம். நாய்க் காலணி இம்மூன்றாவது வகையைச் சேர்ந்தது. அதை வாங்கியவர் ஒரு சதமேனும் தன் பையில் போடவில்லை. மக்களின் பணம் போனது போனதுதான்.

2008 மார்ச்சில் வெளிவந்த அறிக்கை அரசாங்கம் முழுவதையும் தழுவியது. 2005 ஜூலை தொடக்கம் 2006 ஜூன் வரையான கொள்வனவுகளின் மாதிரியொன்று பரிசோதிக்கப்பட்டது. உரிய முறையில் முன் அனுமதி பெறப்பட்டதா, வாங்கியவரல்லாத வேறொருவர் பொருள் வந்து சேர்ந்ததை உறுதிப்படுத்தினாரா என்ற இரு அடிப்படைக் கேள்விகளே கேட்கப்பட்டன. ஏறத்தாழ 41 சதவீதமான கொள்வனவுகள் இவற்றுள் ஒன்றிலேனும் தவறியிருந்தன. 2,500 டொலருக்கு மேற்பட்டவற்றில் இவ்வீதம் 48 ஆகும். பெரிய கொள்வனவுகளிற் கவனம் கூடியிருக்கும் என்று எதிர்பார்ப்போம். உண்மை அதற்கு மாறாக இருந்தது. களவு போகக்கூடியனவும் பெறுமதிமிக்கனவுமான 1,058 பொருட்களைக் காட்டுமாறு கேட்டபோது, 458 பொருட்களைத் திணைக்களங்களாற் காட்ட முடியவில்லை. அவற்றின் பெறுமதி 18 இலட்சம் டொலருக்கும் அதிகம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் இலட்சம் டொலர் பெறுமதியான 16 கணனி வழங்கிகள் அவற்றுள் அடங்கின.

அவ்வறிக்கையிலுள்ள ஒரு சம்பவம் எமது கவனத்தை மிகவும் ஈர்த்தது. விவசாயத் திணைக்களத்தின் கீழுள்ள வனச் சேவையில் பணிபுரிந்த ஒரு பெண் ஊழியர், அட்டைக் கணக்குடன் இணைந்த காசோலைகளைத் தம்முடன் வாழ்ந்த ஆண் நண்பரின் பெயருக்கு எழுதினார். அட்டையை ஏற்காத வியாபாரிகளுக்குக் கொடுப்பதற்கென வழங்கப்பட்ட காசோலைகள் அவை. ஆறு ஆண்டுகளில் 180க்கும் மேற்பட்ட காசோலைகள், மொத்தம் 6,42,000 டொலர். அப்பணம் சூதாட்டத்துக்கும், வாகனச் செலவுக்கும், வீட்டுக் கடனுக்கும் சென்றது. இறுதியில் அவருக்கு 21 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. இதில் நுட்பமான சூழ்ச்சி எதுவுமில்லை. ஒரே பெயர், ஒரே கையெழுத்து, ஆண்டுக்கு முப்பது முறை. வருடத்துக்கு ஒரு தடவையாவது ஒருவர் அக்காசோலைகளை எடுத்து, “இந்த மனிதர் எமக்கு விற்றது என்ன?” என்று கேட்டிருந்தால் முதலாண்டிலேயே விடயம் அம்பலமாகியிருக்கும். திணைக்களத்தின் மேற்பார்வை அதைக் கண்டுபிடிக்கவில்லை. வெளிப்பட்டது கிடைத்த தகவலொன்றினாலேயே.

தபாற் சேவை 81 பேருக்கு 13,500 டொலர் செலவில் இரவு விருந்தளித்தது. இராஜாங்கத் திணைக்களப் பயிற்சித் திட்டமொன்றின் பேரில் எக்குவடோரில் பெண்களின் உள்ளாடைகள் வாங்கப்பட்டன. பத்திரிகைகள் இவற்றையே பெரிதாக வெளியிட்டன. அது இயல்பே. ஆயினும் ஒரு விருந்தைவிட, காட்ட முடியாமற் போன அந்த 458 பொருட்களே நிர்வாகத்தின் நோயை எமக்குத் தெளிவாக உணர்த்துகின்றன.

அப்படியாயின் தடுப்பது எங்ஙனம்? வங்கியின் கணனியிலேயே செய்யக்கூடியவை சில உண்டு. ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு கொள்வனவுக்கான எல்லையும் மாதாந்த எல்லையும் விதிக்கலாம். வியாபார நிலையங்கள் அவற்றின் தொழிலுக்கேற்ப இலக்கமிடப்பட்டிருப்பதால், சூதாட்ட விடுதி, நகைக்கடை போன்றவற்றில் அட்டை வேலை செய்யாதவாறு தடுக்கலாம். ஒரே நாளில் ஒரே கடையில் அடுத்தடுத்து நிகழும் கொள்வனவுகளைக் கணனியே பொறுக்கியெடுக்கும். பயன்படுத்தப்படாத அட்டைகளை மீளப்பெறுவதும், வேலையிலிருந்து விலகுபவரின் அட்டையை அன்றே இரத்துச் செய்வதும் பெரிய வித்தைகளல்ல. ஆனால் மளிகைக்கடை இலக்கமுள்ள பெரிய அங்காடியில் அலுவலகத் தாளும் கிடைக்கும், வீட்டுக்கான தொலைக்காட்சியும் கிடைக்கும். வாங்கியது எதுவென்பது இலக்கத்துக்குத் தெரியாது. பற்றுச்சீட்டைப் பார்க்கும் மனிதருக்கே தெரியும்.

அம்மனிதருக்கு மூன்று விடயங்கள் வேண்டும். நேரம் வேண்டும்: அவரின் கீழுள்ள அட்டைகளின் தொகை அவராற் கவனிக்கக்கூடிய அளவில் இருக்கவேண்டும். அவர் செலவைச் செய்தவரின் கீழ்நிலை ஊழியராக இருத்தலாகாது, தன் மேலதிகாரியின் பட்டியலில் “இது எதற்கு, ஐயா?” என்று கேட்கும் துணிவு எல்லா நாட்டிலும் அரிதானது. கேட்ட பின்னர் அதற்குப் பலன் இருக்கவும் வேண்டும். சான் டியாகோ விவகாரத்தில் விசாரணை நடத்தியவர்களை அதிகம் சினங்கொள்ள வைத்தது வாங்கப்பட்ட பொருட்களல்ல, தவறிழைத்தவர் எவ்விதத் தண்டனையுமின்றி வேறோர் அலுவலகத்துக்குச் சென்று பணியைத் தொடர்ந்தமையே.

அந்நாளில் இதைக் கையிலெடுத்தவர்களுள் அயோவா மாநிலத்தின் செனட்டர் சார்ள்ஸ் கிராஸ்லி முதன்மையானவர். அவரது நீண்டகால முயற்சியின் பின்னர் 2012 ஒக்டோபர் 5ஆம் திகதி ஜனாதிபதி ஒபாமா அரச கடனட்டைத் துஷ்பிரயோகத் தடுப்புச் சட்டத்திற் கையொப்பமிட்டார். அட்டைதாரர் ஒவ்வொருவரினதும் பதிவேடு, கூற்றுகளைப் பற்றுச்சீட்டுகளுடன் ஒப்புநோக்கல், அட்டைதாரருக்கும் அங்கீகரிக்கும் உத்தியோகத்தருக்கும் பயிற்சி, தவறு செய்வோருக்குப் பதவிநீக்கம் வரையான தண்டனை என்பன அதன்படி கட்டாயமாயின. ஒவ்வொரு திணைக்களத்திலும் சுயாதீனமாக இயங்கும் பரிசோதகர் நாயகம் காலத்துக்குக் காலம் அட்டைத் திட்டத்தின் ஆபத்து நிலையை மதிப்பிட வேண்டும். ஆண்டுக்கு 10 மில்லியன் டொலருக்கு மேல் அட்டைகளிற் செலவிடும் திணைக்களங்கள், கண்டுபிடித்த முறைகேடுகளையும் எடுத்த நடவடிக்கைகளையும் ஆறு மாதத்துக்கொரு முறை அறிக்கையிட வேண்டும்.

இதனால் ஏதும் மாறியதா? 2017 பெப்ரவரியில் அதே கணக்காய்வு அலுவலகம் மீண்டும் ஓர் அறிக்கையை வெளியிட்டது. 2014 நிதியாண்டின் நுண்கொள்வனவுகளின் மாதிரியை ஆராய்ந்த அது, மோசடிக்கான சான்றுகள் மிகக் குறைவு என அறிவித்தது. ஐந்திலொரு பங்குக்குச் சற்று மேற்பட்ட கொள்வனவுகளில் மட்டும் ஆவணங்கள் முழுமையாக இருக்கவில்லை. முன்னர் கேட்ட கேள்விகளும் பின்னர் கேட்ட கேள்விகளும் ஒன்றல்லவாகையால், 41 சதவீதத்தையும் இதையும் பக்கத்திற் பக்கம் வைத்து ஒப்பிடுவது சரியாகாது. எனினும் காணாமற்போன படகுகளின் காலம் கடந்துவிட்டது என்று சொல்லுமளவுக்கு முன்னேற்றம் இருந்தது. அட்டைகளை ஒழித்து அதைச் சாதிக்கவில்லை. பட்டியல்களைப் பார்க்கும் பொறுப்பை ஆளுக்காள் வகுத்துக் கொடுத்தே சாதித்தனர்.

இப்பின்னணியிலேயே 2025இன் முடக்கத்தை நாம் நோக்க வேண்டியுள்ளது. தேசிய சுகாதார நிறுவகங்களின் ஆய்வுகூடங்களில் பரிசோதனைக்கான பொருட்களை வாங்க இயலாது விஞ்ஞானிகள் தவித்ததாக அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. தேசியப் பூங்காக்களிலிருந்தும் அவ்வாறான முறைப்பாடுகள் வந்தன. அறுநூறாயிரம் டொலருக்குக் காசோலை எழுதிய ஊழியரையும், நுண்ணங்கிகளை வளர்ப்பதற்கான ஊடகம் வாங்கும் ஆய்வாளரையும் இம்முடக்கம் ஒரே தட்டில் வைத்தது. 1993இல் நீராவி வீணானது போல இங்கு ஆய்வுகள் வீணாயின. அட்டைகளின் தொகையைக் குறைப்பதில் நியாயம் உண்டு. பாவனையற்ற அட்டை ஒவ்வொன்றும் திறந்து கிடக்கும் கதவே. ஆனால் அக்கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து மூடவேண்டியவர், அந்த அலுவலகத்தின் வேலையை அறிந்த ஒருவரேயாவார்.

2012ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வேலையின் முக்கிய பகுதியைப் பரிசோதகர் நாயகங்களிடம் ஒப்படைத்திருந்தது என்பதை மேலே குறிப்பிட்டோம். அட்டைகள் முடக்கப்படுவதற்குச் சுமார் ஒரு மாதத்துக்கு முன்னர், 2025 ஜனவரி 24ஆம் திகதி இரவு, ஏறத்தாழ 17 பரிசோதகர் நாயகங்கள் பதவி நீக்கப்பட்டனர். காசோலை மோசடி நிகழ்ந்த வனச் சேவையைக் கொண்டுள்ள விவசாயத் திணைக்களம், கடற்படையை உள்ளடக்கிய பாதுகாப்புத் திணைக்களம், இராஜாங்கத் திணைக்களம் ஆகியவற்றின் பரிசோதகர்கள் அவர்களுள் அடங்குவர். முப்பது நாட்களுக்கு முன்னர் காங்கிரஸுக்கு அறிவித்துக் காரணங்கூற வேண்டுமென்ற சட்டத்தை மீறியே இந்நீக்கம் செய்யப்பட்டதாக அவ்வாண்டு செப்டெம்பரில் சமஷ்டி நீதிமன்றமொன்று தீர்ப்பளித்தது. ஆயினும் வழக்குத் தொடுத்தவர்களை மீண்டும் பதவியில் அமர்த்துமாறு அது உத்தரவிடவில்லை.